எறும்பு மேடமும் மெல்லிசுத் தட்டும்

எறும்பு மேடத்துக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். அன்று காலை, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த கண்ணாடிக் குடுவைகளையெல்லாம் எடுத்துத் தொட்டியில் போட்டு மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த தேய்ப்பில் ஒன்றுகூட உடையாமல் பிழைத்ததே பெரிய காரியம். பாவம், குடுவைகள் என்ன செய்தன? கோபமெல்லாம் மேசை மேல் வரிசையாக இருந்த தட்டுகள் மேல்தான்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. அவள் பாடம் நடத்துகிற கல்லூரியின் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஓர் எறும்புப் புற்று. மழை பெய்து சுவரெல்லாம் பூசணம் பிடித்துக் கிடந்த ஒரு பருவத்தில், அந்தப் புற்றுக்குள் மட்டும் பூசணமே இல்லை என்பது இவள் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து பிடித்தது கிறுக்கு. எறும்பின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து, அதை வளர்த்து, அது கக்குகிற பழுப்புநிறச் சாற்றை வடிகட்டி, புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் கிருமி மேல் வைத்துப் பார்த்தாள். கிருமி செத்தது. மாணவர்கள் அவளுக்குப் பெயர் வைத்தார்கள். முதலில் முகத்தைச் சுளித்தவள் பிறகு யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மறந்துபோனாள்.

ஆய்வகம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தாழ்வாரத்துக் கடைசியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. துறைத்தலைவரும் இவளும் கல்லூரி முதல்வர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கினார்கள். கிருமி நீக்க ஒரு பெரிய பிரஷர் குக்கர். இன்குபேட்டர் வாங்க வழியில்லை என்றதும் அவள் கணவர், ஃபிரிட்ஜ் மெக்கானிக், யாரோ தலைமுழுகிவிட்டுப் போன ஒரு பழைய ஃபிரிட்ஜுக்குள் பல்பும் விசிறியும் மாட்டி அதை உடம்புச் சூட்டில் நிற்கிற பெட்டியாக மாற்றிக் கொடுத்தார். காலமெல்லாம் குளிர வைத்துப் பிழைத்த மனிதர் பெண்டாட்டிக்காக ஒன்றைச் சூடாக்கினார்.

அந்த அறைதான் இப்போது அந்தரத்தில் தொங்கியது. வருகிற வாரம் நிபுணர் குழு வருகிறது. அவர்கள் பார்த்து ஆராய்ச்சி மையம் என்று அங்கீகாரம் கொடுத்தால் அறை நிலைக்கும், அவளுடைய ஆய்வுப் பட்டமும் நிலைக்கும். கொடுக்காவிட்டால் அறையைக் கணினிப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவதாக முதல்வர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். கணினிப் பிரிவுக்காரர் இரண்டு முறை வந்து, எட்டிப் பார்க்கிற சாக்கில் ஜன்னல் எங்கே, பிளக் எங்கே என்று கண்ணால் அளந்துவிட்டுப் போயிருந்தார்.

ஆனால் யாருக்கும் கவலை இல்லை. எறும்புச் சாற்றின் வளையம் அவ்வளவு பெரியது.

இந்த வளையத்தைச் சொல்லாவிட்டால் கதை ஓடாது. உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட கண்ணாடித் தட்டு. அதில் அகார் என்கிற பசையைக் காய்ச்சி ஊற்றினால் ஆறி இறுகிவிடும். அதன் மேல் கிருமியைப் பூசி, மருந்தில் நனைத்த சட்டைப் பித்தான் அளவு காகித வில்லையை வைத்து, மறுநாள் பார்க்க வேண்டும். மருந்துக்குச் சக்தி இருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். வளையம் பெரிதென்றால் மருந்தும் கெட்டி. மருத்துவமனையில் கொடுக்கிற மருந்துக்கு எவ்வளவு வளையம் வரும் என்று புத்தகத்தில் அட்டவணையே இருக்கிறது. எறும்புச் சாறு அந்த அளவைத் தாண்டியது. கட்டுரை வெளிவந்தது. முதல்வர் கல்லூரி வாசலில், பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே, சுவரை மறைக்கிற அளவுக்குப் பேனர் கட்டினார்: ‘மருத்துவமனை மருந்தை மிஞ்சிய எங்கள் எறும்பு மருந்து!’

வினை எங்கிருந்து வந்தது தெரியுமா? முதல்வரின் தாராளத்தால் வந்தது. ஒரு பாட்டில் அகாருக்கு ஒன்பது கடிதம் எழுத வைக்கிற மனிதர், குழு வருகிறது என்றதும் பெட்டி பெட்டியாக வாங்கிக் கொட்டிவிட்டார். எறும்பு மேடத்துக்குக் கை கொள்ளவில்லை. வருகிறவர்கள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகப் புத்தகத்தில் போட்டிருக்கிற கனத்துக்குத் தட்டு நிறைய ஊற்றினாள். மறுநாள் சூட்டுப் பெட்டியைத் திறந்தால், அவளுடைய பெரிய வளையத்தைக் காணோம். வில்லையைச் சுற்றி ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு சின்னக் கோடு.

சாறு கெட்டுவிட்டதோ என்று புதிதாக வடித்தாள். கிருமி மாறிவிட்டதோ என்று வேறு குழாயிலிருந்து எடுத்துப் பூசினாள். கணவரைக் கூப்பிட்டுப் பெட்டியின் சூட்டைச் சோதிக்கச் சொன்னாள். "என் பெட்டி மேல பழி போடாத, அது தங்கமா வேலை செய்யுது" என்று அவர் கோபித்துக்கொண்டு போனார். கடைசியில், மிச்சமிருந்த பழைய தட்டு ஒன்றையும் புதுத் தட்டு ஒன்றையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். பழையதில் அகார் ஒரு ஏடு. புதியதில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. வில்லையிலிருந்து இறங்குகிற சாறு பக்கவாட்டிலும் பரவும், கீழேயும் போகும். அகார் மெல்லிசாக இருந்தால் கீழே போக இடம் ஏது? எல்லாம் பக்கவாட்டிலேயே ஓடி வளையத்தை ஊதிப் பெரிதாக்கிவிடும். மெல்லிசாக ஊற்றுவது அந்தத் துறையின் பரம்பரை வழக்கம். அகாருக்குத் தட்டுப்பாடு இருந்த நாளில் துறைத்தலைவர் கண்டுபிடித்த வித்தை அது. கொஞ்சம் ஊற்றி, தட்டைச் சாய்த்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் ஓட்டை விழாமல் பரவிவிடும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவரே கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பார். மருத்துவமனை மருந்து வில்லைகள் ஒரு சின்னக் குப்பியில் இருந்தன. அதையும் வீணாக்கக்கூடாது, அதுதான் புத்தகத்தில் அட்டவணை இருக்கிறதே என்று பூட்டியே வைத்திருந்தார். ஆக, புத்தகத்துக்காரன் கனமான தட்டில் அளந்ததை இவர்கள் மெல்லிசுத் தட்டில் அளந்ததோடு ஒப்பிட்டு, இத்தனை வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் யாரையும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து குப்பியின் மூடியை உடைத்தாள். மெல்லிசுத் தட்டிலும் கனத்த தட்டிலும் மருந்து வில்லையையும் எறும்பு வில்லையையும் அக்கம்பக்கமாக வைத்தாள். மறுநாள் காலை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் குடுவை கழுவ ஆரம்பித்தாள். இரண்டிலும் மருந்துதான் ஜெயித்திருந்தது. மெல்லிசுத் தட்டில் மருந்தின் வளையம் பாதித் தட்டை விழுங்கி நின்றது.

துறைத்தலைவர் உள்ளே வந்தார். தட்டுகளைப் பார்த்தார். உடைந்த குப்பியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை.

"ஏம்மா, இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்டதான் சார் முதல்ல."

"அப்போ என்கிட்டயே நிக்கட்டும்." கதவைச் சாத்திவிட்டு வந்தார். "குழு வந்துட்டுப் போகட்டும். அன்னைக்கு மட்டும் பழைய மாதிரி ஊத்து. எவன் தட்டைப் பக்கவாட்டுல பார்க்கப் போறான்?"

"நான் பார்த்துட்டேனே சார்."

"நீ பார்த்தே. பார்த்ததை நாலு மாசம் கழிச்சுப் பாரு. அறை நம்ம கையில இருந்தா எல்லாத்தையும் மெதுவாத் திருத்திக்கலாம். அறை போயிட்டா எதைத் திருத்துவே?"

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவன் பொய் சொல்லச் சொன்னால் சுலபமாக முகத்தில் அடித்தாற்போல் பேசிவிடலாம். இவரோ, சம்பளம் வராத மாதங்களில்கூடத் துறையை மூடாமல் காத்தவர். ஒரு சொட்டு அகார் கீழே விழுந்தால் சொந்தப் பிள்ளை விழுந்த மாதிரி பதறுகிறவர். அவருடைய சிக்கனம் இல்லாவிட்டால் ஆய்வகமே இருந்திருக்காது. அந்தச் சிக்கனம்தான் காலை வாரிவிட்டது.

"யோசிக்கிறேன் சார்" என்றாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு கோழைத்தனமான வார்த்தையைச் சொன்னதில்லை. தாழ்வாரத்தில் நடந்துபோகும்போது தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்திருந்தாள். கணவரின் அக்கா. அரசு மருத்துவமனையில் அறுவைப் பிரிவு நர்ஸ். இரண்டு பேருக்கும் கல்யாண நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். "ஊர்ல எல்லாரும் எறும்பை விரட்ட மருந்து தேடுறாங்க, எங்க வீட்டுக்கு வந்தவ எறும்புகிட்டப் போய் மருந்து தேடுறா" என்று உறவினர் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் சொல்லிச் சிரிக்கிற வாய். ஆனால் அன்று அந்த வாய் சிரிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா, உன் மருந்து எப்போ கைக்கு வரும்?"

"ஏன் அண்ணி?"

"என் வார்டுல ஒரு லாரி டிரைவர். சர்க்கரை வியாதி, கால்ல புண்ணு. டாக்டர் கொடுக்கிற மாத்திரையை முழுங்க மாட்டேங்குறான். வயித்தைப் புரட்டுதாம். உங்க காலேஜ் வாசல்ல பேனர் பார்த்தானாம். அதைவிட நல்ல மருந்து வருதுல்ல, அது வரட்டும்னு பிடிவாதமா உட்கார்ந்திருக்கான். புண்ணு நாளுக்கு நாள் மேல ஏறுது. நானும் கத்திப் பார்த்துட்டேன், கெஞ்சிப் பார்த்துட்டேன். அதான் கேக்குறேன், வருதா வராதா?"

சமையலறையில் இருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "அக்காவை உள்ள கூப்பிடாம என்ன வாசல்லயே பஞ்சாயத்து?" என்றார்.

"வராது அண்ணி" என்றாள் எறும்பு மேடம். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மெல்லிசுத் தட்டு, பெரிய வளையம், உடைத்த குப்பி, மூடிய கதவு.

நாத்தனார் திட்டப் போகிறாள் என்று கணவர் நடுவில் வந்து நின்றார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்க உள்ளுக்குள்ள என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க. அங்கீகாரம், பட்டம், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பேனரைப் படிக்கிறவன் என் வார்டுக்குத்தான் வர்றான்" என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அத்தனை வருஷத்தில் நாத்தனார் சொன்ன சொல் ஒன்று இவள் மனதில் தைத்தது அதுதான் முதல் தடவை. கணவர் வழக்கம்போல் சமாதானம் பேச வந்தார். "அறை போயிட்டா உன்னால சும்மா இருக்க முடியாதே. வீட்டுக்குள்ளதான் எறும்பு வளர்ப்பே" என்றார்.

"வளர்ப்பேன்" என்றாள் அவள். "வளர்த்தாலும் வளர்ப்பேன், அந்த மெல்லிசுத் தட்டைக் கொண்டுபோய் அவங்க முன்னாடி வெச்சுச் சிரிக்க மாட்டேன்."

முடிவெடுத்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி உலகமே வந்து நின்றாலும் அவளை அசைக்க முடியாது. போய்த் துணி மடித்தார்.

குழு வந்த அன்று கல்லூரிக்கே கண்ணாடி போட்ட மாதிரி பளபளப்பு. தாழ்வாரத்தில் புதுச் சாயம். ஆய்வக மேசையில் வெள்ளை விரிப்பு. அதன் மேல், அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் துறைத்தலைவரே தன் கையால் ஊற்றித் தயார் செய்த மெல்லிசுத் தட்டுகள் அணிவகுத்து நின்றன, ஒவ்வொன்றிலும் நிலா மாதிரி ஒரு வளையம். அவள் தன்னுடைய கனத்த தட்டுகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். துறைத்தலைவர் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் கோபமும் சரிபாதி. ஆனால் எடுத்து ஒளித்து வைக்க நேரம் இல்லை. முதல்வர் உள்ளே நுழைந்துவிட்டார், பின்னால் குழு.

குழுவுக்குத் தலைவி பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியை. நரைத்த தலை, நிமிர்ந்த நடை. வந்ததிலிருந்து மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பிரஷர் குக்கரைப் பார்த்துப் புன்னகைத்தார், ஃபிரிட்ஜுக்குள் எரிகிற பல்பைப் பார்த்து இன்னும் கொஞ்சம் புன்னகைத்தார். அந்தப் புன்னகை எறும்பு மேடத்துக்குப் பிடிக்கவில்லை. முதல் மெல்லிசுத் தட்டைக் கையில் எடுத்ததும் பேராசிரியையின் முகம் மாறியது.

"அடேங்கப்பா. மருத்துவமனை மருந்துக்கே இவ்வளவு வராதே!"

முதல்வர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வராதுதான் மேடம்" என்றாள் எறும்பு மேடம். "ஏன்னு காட்டுறேன்."

பிளேடை எடுத்தாள். மெல்லிசுத் தட்டிலிருந்து அகாரை ஒரு விரல் நீளத்துக்கு அறுத்து எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தாள். கனத்த தட்டிலிருந்து இன்னொரு துண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அட்டவணையோடு ஒப்பிட்டது, பக்கத்தில் மருந்து வில்லை வைத்துப் பார்க்காதது, வைத்தபோது என்ன ஆனது, எல்லாவற்றையும் தட்டைத் தூக்கிக் காட்டிக் காட்டிச் சொன்னாள். போகப்போகச் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

முதல்வர் இருமினார். இருமலுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

"அப்போ நீங்க வெளியிட்ட கட்டுரை?" என்றார் பேராசிரியை.

"தப்பு மேடம். தப்புன்னு நானே எழுதி அந்தப் பத்திரிகைக்கு அனுப்பிட்டேன். இங்க வர்றதுக்கு முன்னாடி அனுப்பிட்டுத்தான் வந்தேன்."

பேராசிரியை தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே முதல்வர் பக்கம் திரும்பினார். இவள் அங்கே இல்லாத மாதிரி அவரிடம் பேசினார். "சின்ன காலேஜ்கள்ல இதுதான் சார் பிரச்சினை. ஆர்வம் நிறைய இருக்கும். அடிப்படை இருக்காது."

எறும்பு மேடத்துக்குச் சுருக்கென்றது. தன் தப்பைத் தானே சொல்லிக்கொள்ள வந்தவள்தான், தலை குனிந்து கேட்டுக்கொள்ளத் தயாராக வந்தவள்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குத் தலை குனிய அவளால் முடியவில்லை.

"அடிப்படை இல்லேன்னா இதை நாங்களே கண்டுபிடிச்சிருக்க மாட்டோம் மேடம்" என்றாள். "அந்தக் கட்டுரையைப் படிச்சு மதிப்பிட்டவங்க எல்லாரும் பெரிய பெரிய இடத்துல இருக்கிறவங்க. 'மிகச் சிறப்பு'ன்னு எழுதி அனுப்பினாங்க. தட்டு எவ்வளவு கனம்னு ஒருத்தர் கேக்கல. பக்கத்துல மருந்தை வெச்சுப் பார்த்தீங்களான்னு ஒருத்தர் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே திருத்தியிருப்போம். நாங்க மெல்லிசா ஊத்தினோம், வாங்கக் காசில்லாம. அவங்க மெல்லிசாப் படிச்சாங்களே, அது எது இல்லாம?"

முதல்வர் இருமுவதைக்கூட மறந்துவிட்டார். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அந்த மதிப்பீட்டாளர்களில் அவரும் ஒருவரா என்பது யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

"இப்படி ஊத்தணும்னு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.

"இது துறையோட பழக்கம் மேடம். எல்லாருமே அப்படித்தான் ஊத்தினோம்" என்றாள் அவள். துறைத்தலைவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"இல்ல" என்று ஒரு குரல் வந்தது. துறைத்தலைவர் வெள்ளை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "என்னோட யோசனை. நான்தான் இவங்களுக்கெல்லாம் கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தேன். இன்னைக்கு இந்தத் தட்டையெல்லாம் ஊத்தி வெச்சதும் நான்தான். இந்த அம்மா வேண்டாம்னு சொன்னாங்க."

பெருமையோடு சொல்லிவந்த ஒரு வித்தையைக் குற்றமாகச் சொல்வது அந்த வயதில் லேசு இல்லை. அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. ஆனால் சொல்லி முடித்ததும் தோள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

பேராசிரியை கனத்த தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வில்லையைச் சுற்றி அந்தச் சின்னக் கோடு. "இது நிஜமா?"

"நிஜம். எத்தனை தடவை வெச்சாலும் வரும். சின்னதுதான். ஆனா எங்களது."

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டைப் பதமாகக் கீழே வைத்தார். "இதை வெச்சு இப்போ அங்கீகாரம் கொடுக்க முடியாது. எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யுங்க. செஞ்சுட்டுக் கூப்பிடுங்க" என்றார். போகும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கார் வாசலைத் தாண்டியதோ இல்லையோ, முதல்வர் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"திருப்திதானே மேடம்? கல்லூரி மானத்தைக் கூறு போட்டு வித்தாச்சு. திங்கட்கிழமை கணினிப் பிரிவுக்காரங்க வருவாங்க. அறையைக் காலி பண்ணிச் சாவியை ஆபீஸ்ல கொடுத்திடுங்க."

"திங்கட்கிழமை நான் இங்கதான் சார் தட்டு ஊத்திக்கிட்டு இருப்பேன். மேசையைத் தூக்கணும்னா என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. அதோட, வாசல்ல இருக்கிற பேனரைக் கழட்டிடுங்க. நீங்க கழட்டலைன்னா நானே ஏணி போட்டுக் கழட்டுவேன்."

"எந்த அதிகாரத்துல பேசுறீங்க?"

"அதுல போட்டிருக்கிறது என் மருந்து சார்."

முதல்வர் துறைத்தலைவரைப் பார்த்தார். இந்த அம்மாவுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்பது போல ஒரு பார்வை. துறைத்தலைவர் மேசை மேல் இருந்த மெல்லிசுத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழிவு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"அறையை மாத்தணும்னா துறைத்தலைவர் கையெழுத்து வேணுமில்ல சார்? என் பேனாவுல இப்போதைக்கு மை இல்ல."

முதல்வர் என்னென்னவோ சொன்னார். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார், விளக்கம் கேட்பேன் என்றார். எழுதினாலும் எழுதுவார். அவர் போன பிறகு இரண்டு பேரும் மேசையைத் துடைத்தார்கள். துறைத்தலைவர் குக்கரைக் கையில் எடுத்தார். "குக்கரை அடுப்புல ஏத்தட்டுமா?" என்றார். "ஏத்துங்க சார். நான் ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சாவி அவள் பையில்தான் இருந்தது.

மருத்துவமனை அதே சாலையில்தான். நாத்தனார் அவளை வார்டு வாசலில் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். ஜன்னலோரக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். கனத்த ஆள். காலில் கணுக்கால் வரை கட்டு. கட்டுக்கு மேலே தோல் சிவந்து பளபளத்தது. பக்கத்து ஸ்டூலில் மாத்திரையும் தண்ணீரும் தொடாமல் இருந்தன. எறும்பு மருந்து வராது என்று நாத்தனார் சொல்லியும் அவர் நம்பியிருக்கவில்லை.

"எறும்பு மருந்துக்காரங்க வந்திருக்காங்க" என்றாள் நாத்தனார். அவள் வாயில் அந்தப் பெயர் முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல் வந்தது.

டிரைவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டீங்களா அம்மா! மருந்து கொண்டு வந்திருக்கீங்களா?"

எறும்பு மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் பக்குவமாகப் பேச வார்த்தை தேடிக்கொண்டே வந்தாள். அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"இல்லங்க. என் மருந்து உங்க காலைக் காப்பாத்தாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"பேனர்ல போட்டிருந்துச்சே?"

"போட்டது தப்பு. எங்க தப்பு. நானே பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். இந்த மாத்திரைதான் ஜெயிச்சுது. என்னோடது கிட்டக்கூட வரல."

டிரைவர் அவளையும் மாத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மெதுவாக இறங்கியது. அவரிடம் கேலி இல்லை, கோபமும் இல்லை. நம்பி ஏமாந்த மனிதனின் கேள்வியாகத்தான் கேட்டார்.

"அப்போ இத்தனை வருஷமா என்னதான்மா கண்டுபிடிச்சீங்க?"

இந்தக் கேள்வியை முதல்வர் கேட்டிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். பேராசிரியை கேட்டிருந்தால் பதிலுக்குக் கேட்டிருப்பாள். இந்த மனிதருக்கு அவள் பதில் கடன்பட்டிருந்தாள். அவர் முகத்திலிருந்து கண்ணை விலக்காமல் சொன்னாள்.

"இதைத்தான் கண்டுபிடிச்சேன். என் மருந்து இன்னும் போதாதுன்னு. இதை என்னைத் தவிர வேற யார் சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க. அது போதுற வரைக்கும் நானும் விடறதா இல்ல. எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாது. அதுவரைக்கும் உங்க கால் உங்ககிட்ட இருக்கணும். வாயைத் திறங்க."

மாத்திரையை அவளே எடுத்து நீட்டினாள். டிரைவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்து, டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

"நாக்கைத் தூக்கிக் காட்டு" என்றாள் நாத்தனார்.

அவர் காட்டினார். இரண்டு பெண்களும் குனிந்து பார்த்தார்கள். நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை.